பொட்டலமா, பாட்டிலா, டிரம்மா: கொங்குத் தோட்டத்துக்கு எந்த நுண்ணுயிர்?

வைகாசி பிறந்ததும் ஈரோடு, கோபி, அந்தியூர்ப் பக்கம் மஞ்சள் நடவுக்கு ஏற்பாடு தொடங்கிவிடும். அதையொட்டி மருந்துக்கடைகளில் ஒரு கேள்வியும் தவறாமல் வரும்: “ஏனுங்க, வேருக்கு நல்ல பாக்டீரியா எது இருக்குதுங்க?” கடைக்காரர் கறுப்புத் தூள் பொட்டலம் ஒன்றை எடுத்து வைப்பார், வெள்ளைத் தூள் ஒன்றை வைப்பார், அப்புறம் ஒரு திரவ பாட்டில். “இதெல்லாம் எதுக்குங்க, கட்டுத்தரையிலயே ஜீவாமிர்தம் கரைச்சுக்கலாமே” என்பார் பக்கத்தில் நிற்பவர், சாணமும் கோமியமும் வெல்லமும் கரைத்த டிரம்மை மனதில் வைத்து. எல்லாமே நல்லதுதான் என்று சொல்லிவிடலாம். காசு போடுகிறவருக்கு அது பதில் ஆகாது. எந்த மண், எந்தப் பயிர், என்ன குறை என்று பிரித்துப் பார்த்தால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும்.

முதலில் வேலையைப் பிரித்துக்கொள்வோம். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துப் பயிருக்குத் தருவது ஒரு வேலை. ரைசோபியம், அசோஸ்பைரில்லம், அசட்டோபாக்டர் ஆகியவை அதைச் செய்கின்றன. மண்ணில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைப்பது இன்னொரு வேலை. பாஸ்போபாக்டீரியா என்று விற்பது அதற்குத்தான். வேரைச் சுற்றிக் குடியேறி அழுகல் பூஞ்சாணத்தை அண்டவிடாமல் வைப்பது மூன்றாவது. அதற்கு சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. கிழங்கு அழுகுகிற தோட்டத்துக்கு அசோஸ்பைரில்லம் வாங்கிப் பயனில்லை. வெங்காயத்துக்கு ரைசோபியம் கொடுப்பதும் வீண்செலவு, அது பயறு வகைச் செடிகளின் வேரில்தான் முடிச்சுப் போடும்.

வேலை எதுவானாலும் இந்த உயிர்களுக்குச் சோறு வேண்டும். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய பொருளிலுள்ள கரிச்சத்து, அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது குறைவு. நம் செவ்வல் காடுகளில் வெயிலும் குறைவான மழையும் சேர்ந்து கரிமத்தை வேகமாகத் தின்றுவிடுகின்றன. உழவு அதிகமாக அதிகமாக அது இன்னும் குறைகிறது. அந்த மண்ணில் எவ்வளவு நல்ல பாக்டீரியாவை ஊற்றினாலும் சில வாரங்களில் எண்ணிக்கை சரிந்துவிடும். ஆட்டுப்பட்டி போட்ட காட்டிலும் கொழிஞ்சி, சணப்பு போன்ற பசுந்தாளை மடக்கி உழுத தோட்டத்திலும் அதே பாட்டில் வேறு மாதிரி வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். ஆகவே கையில் இருக்கும் பணம் குப்பைக்கோ பாக்டீரியாவுக்கோ ஒன்றுக்குத்தான் போதும் என்றால், யோசிக்காமல் ஒரு டிராக்டர் மக்கிய குப்பையை வாங்குங்கள். குப்பை இருக்கிறவருக்குத்தான் மீதிப் பேச்செல்லாம்.

இப்போது பொட்டலத்துக்கும் பாட்டிலுக்கும் வருவோம். கறுப்புத் தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிப் பொடி. அதில் பாக்டீரியாவை ஏற்றி 200 கிராம் பொட்டலமாகக் கட்டுகிறார்கள். விலை மிகக் குறைவு, வேளாண் விரிவாக்க மையத்திலும் கிடைக்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூளில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். திரவத்தில் ஒரு மில்லிக்கு 10 கோடி. உயிர் உரங்கள் இந்த ஆணைக்குள் 2006இல் கொண்டுவரப்பட்டன. எண்ணிக்கையில் திரவம் முந்துகிறது, ஆயுளிலும் முந்துகிறது. தூள் ஆறு மாதம் தாங்குவதே பெரிது, திரவம் சரியாகச் செய்திருந்தால் ஒரு வருஷம் வரை நிற்கும். வெயிலையும் திரவம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

அப்படியென்றால் எல்லாரும் பாட்டில்தான் வாங்க வேண்டுமா? இல்லை. விதையில் பூசுவதற்கும் குப்பையில் கலப்பதற்கும் புதிதாக வந்த தூளே போதும், செலவும் குறைவு. பொட்டலத்தின் பலவீனம் அது நிற்கும் இடம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மாதம் கிடந்த பொட்டலத்தில் கரிப்பொடிதான் மிச்சம். அதனால் தயாரித்த தேதி பார்த்து, மூன்று மாதத்துக்குள் செய்ததாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். சொட்டுநீர் போட்ட தோட்டத்துக்குக் கணக்கு மாறும். தூளைக் கரைத்து வடிகட்டி, குழாயில் உரம் உறிஞ்சும் வென்சுரியில் விட்டால் வடிப்பான் அடைக்கும், ஆள்கூலி போகும். அங்கே திரவத்துக்குக் கொடுக்கிற கூடுதல் காசு நியாயமானது.

லேபிளை ஒரு நிமிஷம் படித்துவிட்டு வாங்குவது பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடும். பாக்டீரியாவின் பெயர், ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ எத்தனை என்ற எண்ணிக்கை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்றவற்றை நோய்க்கு எதிராக விற்றால் அவை 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வரும், அதற்கான பதிவு எண்ணும் வேண்டும். “வேர் பூஸ்டர்”, “மண் டானிக்” என்று பெரிதாகப் போட்டு, உள்ளே என்ன உயிர் இருக்கிறது என்று எங்குமே சொல்லாத பாட்டில்கள் கடைகளில் நிறைய நிற்கின்றன. அட்டையில் பூ, காய், வேர் என்று படம் எவ்வளவு இருந்தாலும் அதைத் தொட வேண்டாம்.

மானாவாரி நிலக்கடலைக்கு இந்தத் தேர்வு எளிது. ரைசோபியம் தூள், விதை நேர்த்தி, அவ்வளவுதான். பரிந்துரை ஹெக்டேருக்கு 600 கிராம், அதாவது 3 பொட்டலம். ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் குழைத்து, பருப்பின் தோல் உரியாமல் மெல்லப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாணக் கொல்லி பூசுவதாக இருந்தால் அது முந்தின நாள், ரைசோபியம் கடைசியாக.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. விதைத்த நாற்பதாம் நாள் வாக்கில், ஈரமுள்ள நேரமாகப் பார்த்து நாலைந்து செடிகளை மண்ணோடு மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். வாளித் தண்ணீரில் ஆட்டி அலசினால் ஆணிவேரிலும் பக்கவேரிலும் கடுகு போல முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இரத்தம் கலந்தது போன்ற சிவப்பு இருந்தால் தழைச்சத்து பிடிக்கப்படுகிறது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறத்துக்குக் காரணம். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பலனில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நிலக்கடலையில் முடிச்சுப் போடுவது தட்டைப்பயறோடு கூடும் அதே கூட்டத்து பாக்டீரியா. வருஷாவருஷம் கடலையும் தட்டையும் போட்ட காட்டில் அது ஏற்கெனவே குடியிருக்கும், பூசிய விதைக்கும் பூசாததற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பல வருஷம் தரிசாகக் கிடந்து இப்போது உடைத்த காட்டில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். முடிச்சு வந்த செடிக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் அது பாக்டீரியாவுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிடும். தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி உழைப்பாளியை வைத்துக்கொள்ளாது.

உடுமலை, பல்லடம் பக்கத்து மக்காச்சோளத்துக்கும் தீவனச் சோளத்துக்கும் அசோஸ்பைரில்லம் பொருந்தும். இது முடிச்சுப் போடாது, புல் இனப் பயிர்களின் வேரை ஒட்டியே வாழும். காற்றிலிருந்து பிடித்துத் தரும் தழைச்சத்தைவிட, இது சுரக்கும் வளர்ச்சி ஊக்கியால் சல்லிவேர் பெருகுவதுதான் வயலில் அதிகம் உதவுகிறது என்று நான் நினைக்கிறேன். வேர் பெருகினால் போட்ட உரமும் வீணாகாது. அதனால்தான் இதைப் போடும்போது தழைச்சத்து உரத்தில் கால் பங்கைக் குறைக்கச் சொல்கிறார்கள். மண்ணில் இடுவதானால் ஹெக்டேருக்கு 10 பொட்டலம், அதாவது ஏக்கருக்கு 4. யூரியாவை அறவே நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாஸ்போபாக்டீரியா விஷயத்தில் நம் மண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த பாக்டீரியா அங்கக அமிலங்களைச் சுரந்து சுண்ணாம்போடு இறுகிய மணிச்சத்தைக் கரைக்கிறது. ஆய்வகத் தட்டில் அதைச் சுற்றித் தெளிவான வளையம் விழும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சுக்கான் கல் நிறைந்த காட்டில் சுரக்கிற அமிலத்தைச் சுண்ணாம்பே குடித்துவிடும். அந்த மாதிரி நிலத்தில் இதைத் தனியாகப் போட்டுப் பெரிய பலனை எதிர்பார்க்கக் கூடாது. குப்பையோடு சேர்த்து வேர்ப்பக்கம் வைத்தால் ஓரளவு உதவும். வருஷக்கணக்கில் டிஏபி என்ற மணிச்சத்து உரத்தைப் போட்டு, மண் பரிசோதனையில் மணிச்சத்து மிகுதி என்று வந்த தோட்டமாக இருந்தால் டிஏபியைக் குறைப்பதே முதல் லாபம்.

மஞ்சளில்தான் பணம் அதிகம் புழங்குகிறது, பயமும் அதிகம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளுக்குப் பெரிய எதிரி கிழங்கழுகல். பித்தியம் என்ற உயிரி செய்யும் வேலை அது. தண்ணீர் தேங்கினால் வேகமாகப் பரவும். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மழையும் பாய்ச்சலும் ஒன்றாகச் சேரும் வாரங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இலை ஓரம் காய்ந்து தண்டின் அடி நீர்கோத்த பிறகு எந்த பாக்டீரியாவும் அந்தத் தூரைக் காப்பாற்றாது. சூடோமோனாஸும் பேசில்லஸும் முன்கூட்டியே வேரில் இடம் பிடிப்பவை. நடவுக்கு முன்னும் முதல் மண் அணைக்கும்போதும் கொடுத்தால்தான் அர்த்தம். வடிகால் இல்லாத வயலில் இரண்டுமே தோற்கும்.

இந்த இரண்டில் எது? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஎஃப்1 என்ற சூடோமோனாஸ் இனத்தை நம் பக்கத்தில் பலரும் அறிவார்கள். டால்க் தூளில் வரும் அந்த வெள்ளைப் பொடி அதுதான். இரும்புச்சத்தை முதலில் கவ்விக்கொண்டு பூஞ்சாணத்தைப் பட்டினி போடுவதும், செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதும் அதன் பலம். பலவீனம், அதற்கு வித்து (கெட்டி உறைக்குள் உறங்கும் நிலை) கிடையாது. சூட்டில் சீக்கிரம் செத்துவிடும். பேசில்லஸ் வெயிலையும் வறட்சியையும் வித்தாக மாறித் தாங்கும், வசதி வந்ததும் முளைக்கும். ஆகவே குளிர்ச்சியான இடத்தில் வைத்து விற்கும் ஒருவரிடமிருந்து புதிய சரக்கு கிடைத்தால் சூடோமோனாஸ். கோடையில் எங்கிருந்தோ வண்டியேறி வரும் சரக்கென்றால் பேசில்லஸ். கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இப்படிப்பட்ட பாக்டீரியாவைக் காப்ஸ்யூலாகவும் கொண்டுவந்திருக்கிறது. அறை வெப்பநிலையிலேயே வைக்கலாம் என்பது அதில் பெரிய வசதி.

எதை வாங்கினாலும் நேராக வயலில் தூவ வேண்டாம். பரிந்துரை, ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ சூடோமோனாஸ் 50 கிலோ தொழு எருவோடு. ஏக்கருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டு எருவைத் தாராளமாக நூறு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பமர நிழலில் கொட்டி, குவியலின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சுட்டால் குப்பை இன்னும் மக்கவில்லை, அதில் கலந்தால் பாக்டீரியா வெந்துவிடும். ஆறிய, கறுத்த, பொலபொலவென்ற எருதான் வேண்டும். அதைச் சலித்து, தூளைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரச் சாக்கைப் போட்டு மூடி, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை புரட்டி விடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முதல் மழைக்குப் பிந்திய மண்வாசம் வரும். அம்மோனியா நெடி அடித்தால் அந்தக் குவியலை இன்னும் ஆறவிடுங்கள். சாயங்காலமாகப் பார்த்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது பாரின் (நட்ட மேட்டு வரிசையின்) ஓரத்தில் போட்டு மூடிவிட வேண்டும். என் கணக்கில் மஞ்சளுக்கும் வாழைக்கும் கையில் இருக்கிற பணத்துக்கு ஏற்ற முறை இதுதான்.

ஜீவாமிர்தத்தை இவற்றோடு ஒரே தராசில் வைக்க முடியாது. இயற்கை விவசாயம் பேசும் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய கலவையில் 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். அது ஒரு ஏக்கருக்கு. இதிலுள்ள தழைச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் சாணம், கோமியம், பயறு மாவு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய கால் கிலோ வரும். அரைக் கிலோ யூரியாவில் இருப்பது அது. ஆகவே உரம் என்ற கணக்கில் அது பயிரைத் தாங்காது. அதன் பயன் வேறு: பலவகை உயிர்களையும் அவற்றுக்கான தீனியையும் அடிக்கடி மண்ணுக்குக் கொடுப்பது. மூடாக்கு போட்ட தோட்டத்தில் அந்தப் பயன் தெரியும், வெயிலில் காய்ந்து கிடக்கும் வெற்று மண்ணில் தெரியாது. எந்த பாக்டீரியா எத்தனை இருக்கும் என்று சொல்லவும் முடியாது. கிழங்கழுகல் தொல்லை உள்ள வயலில் இதை மட்டும் நம்ப நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கட்டுத்தரையில் ரெண்டு காங்கேயம் மாடு நிற்கிறது, கரைத்து ஊற்ற வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். சாணமும் கோமியமும் வீட்டிலேயே இருப்பதால் வெல்லமும் மாவும்தான் செலவு. மாடில்லாதவர் சாணத்தையும் வெல்லத்தையும் கூலியையும் காசு கொடுத்து வாங்கி இதைச் செய்தால், பாட்டிலைவிட இது மலிவு என்ற பேச்சுக்கு இடமில்லை. கொடுமுடி டாக்டர் நடராஜன் பயிருக்குப் பரவலாக்கிய பஞ்சகவ்யமோ 3 சதவீதக் கரைசலாக முக்கியமாக இலையில் தெளிப்பது. வேர் பாக்டீரியாவுக்கு அது மாற்று ஆகாது.

இதையொட்டி இன்னொரு பழக்கமும் பரவியிருக்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கி, 200 லிட்டர் டிரம்மில் வெல்லத்தோடு ஊற்றிப் “பெருக்கி”க்கொள்வது. அசோஸ்பைரில்லத்துக்கு இது சுத்தமாகப் பொருந்தாது. அதை வளர்க்க ஆய்வகத்தில் மாலிக் அமிலம் போன்றவற்றைத்தான் தீனியாக வைக்கிறார்கள், சர்க்கரை அதற்குப் பிடித்த உணவு இல்லை. வெல்லத் தண்ணீரில் முந்திக்கொண்டு பெருகுவது காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்து விழுந்த வேறு உயிர்கள். நுரை பொங்குவதைப் பார்த்து நம் பாக்டீரியா பெருகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாங்கியதை ஈரக் குப்பையில் ஏற்றுவதே மேல்.

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னைக்கு வழி தெளிவாக இருக்கிறது. மரத்துக்கு அசோஸ்பைரில்லம் 50 கிராம், பாஸ்போபாக்டீரியா 50 கிராம், வேருக்குள் வாழ்ந்து உதவும் பூஞ்சாணமான வேர் உட்பூசணம் 50 கிராம், தேவையான அளவு மக்கிய எருவோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தஞ்சாவூர் வாடல் என்ற பூஞ்சாண நோய் உள்ள தோப்பில் சூடோமோனாஸ் 200 கிராமும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணம் 200 கிராமும் மரத்துக்கு வருஷம் ஒருமுறை சேரும். கேரள வேர்வாடல் வேறு நோய். அது ஃபைட்டோபிளாஸ்மா என்ற, மரத்தின் உள்ளே வாழும் நுண்ணுயிரால் வருகிறது, பூச்சிகள் மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. வேரில் ஊற்றும் எந்த பாக்டீரியாவும் அதைக் குணப்படுத்தாது. நோய் விழுந்த தோப்புக்காரர்களின் தவிப்பை வைத்து அப்படிச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். எரு நன்றாகக் கொடுத்த மரம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. கரும்புக்குக் குளுக்கோனசிட்டோபாக்டர், வறட்சியில் இலைமேல் தெளிக்கப் பிபிஎஃப்எம் என்று வேறு இரண்டு பாக்டீரியாக்களும் உண்டு. அந்தத் தேவை வந்தால் கோபியிலுள்ள மைராடா வேளாண் அறிவியல் நிலையத்திலோ பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறையிலோ கேட்டுக்கொள்ளலாம்.

உப்புத்தண்ணி போர்வெல் உள்ளவர்கள் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பெடுக்க அமிலமும் குளோரினும் விடுவார்கள். அந்த வாரம் பாக்டீரியா விட வேண்டாம். தாமிரப் பூஞ்சாணக் கொல்லியும் ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் பாக்டீரியாவைக் கொல்லும், அவற்றோடு ஒரே டேங்கில் கலக்கவே கூடாது. நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சாயக்கழிவால் உப்பேறிய நிலங்களில் முதல் செலவு மண்ணைக் கழுவவும் எருவுக்கும் போக வேண்டும். உப்பைத் தாங்கும் பாக்டீரியா என்று பாட்டில் வந்தாலும் அதற்கப்புறம்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வயலின் நடுவே இரண்டு பாரை எதுவும் போடாமல் விடுங்கள். ஓரத்துப் பாராக இருக்கக் கூடாது, நிழலும் வரப்பும் கணக்கைக் கெடுக்கும். மற்ற உரம், தண்ணீர் எல்லாம் ஒரே அளவு. மஞ்சளில் அறுவடையன்று இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்துத் தூரைத் தோண்டி மண் உதறி எடை போட்டால் அடுத்த வருஷம் வாங்கலாமா என்று தெரிந்துவிடும். தென்னையில் அப்படி ஒரே வருஷத்தில் தீர்ப்பு எழுத முடியாது. பாளை உள்ளே கருவாகி வெடித்து வெளியே வரவே இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குப் பிறகு காய் முற்ற ஒரு வருஷம். ஒரு வரிசை மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வைத்து, வெட்டுக்கு வெட்டு காய்க்கணக்கை நோட்டில் எழுதி, நாலாவது வருஷம் கூட்டிப் பாருங்கள்.